சொல் கேட்கிற நோயாளி

கிளினிக்கில் என் கொப்பியைப் புரட்டுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "ரீச்சர் சொல் கேட்கிற நோயாளி." குளிசை தவறுவதில்லை, குறித்த திகதியில் வந்துவிடுகிறேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் திகதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். தீராத வருத்தத்தோடு வாழ்கிறவர்களுக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைப்பது சின்ன விடயமில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். ஒருநாள் அதே வார்த்தை என் பக்கத்தில் இருந்தவருக்கு எதிராகத் திரும்பியது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வரும் ஓர் அக்கா. எனக்கும் அவருக்கும் ஒரே ஈரல் வருத்தம், ஒரே குளிசைகள், வயதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவருடைய ஈரல் நொதியங்கள் (ஈரல் பழுதாகும்போது இரத்தத்தில் கூடுகிறவை) மறுபடியும் ஏறியிருந்தன. கொப்பியைப் பார்த்த தாதி, வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த ரீச்சரைப் பாருங்கள். இவருக்கும் உங்களுடைய வருத்தம்தான். இவரால் முடிகிறது, உங்களால் ஏன் முடியாது?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பதில் சொல்லவில்லை.

கேட்ட தாதி கெட்டவர் அல்லர். அந்தக் காலையில் அவர் முன்னால் நூற்றுக்கு மேற்பட்ட கொப்பிகள் கிடந்தன. கேள்வியும் பிழையான கேள்வி அல்ல. பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது அடங்கவில்லை. என்னால் ஏன் முடிகிறது? நான் அவரைவிடக் கவனமானவளா, படித்தவளா, உயிர் மீது ஆசை கூடியவளா? அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். உயிர் மீது அவருக்கு என்னைவிட ஆசை குறைவு என்று எப்படி நினைப்பது? இலங்கையில் 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. மருந்து இலவசம், வைத்தியர் இலவசம், கட்டில் இலவசம். அப்படியானால் ஒரே வருத்தம் உள்ள இரண்டு பெண்களில் ஒருத்தியின் ஈரல் ஏன் ஆறுகிறது, மற்றவளின் ஈரல் ஏன் தழும்பேறுகிறது?

எங்களுடைய வருத்தம் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி. கொப்பியின் முகப்பில் ஏ.ஐ.எச். என்று மூன்று எழுத்தில் இருக்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த ஈரலையே அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. 1950இல் சுவீடன் நாட்டு வைத்தியர் யான் வால்டன்ஸ்ட்ரோம் இளம் பெண்களிடம் கண்டு விவரித்த நோய் இது. அப்போது மருந்து இல்லை. 1971இல் இலண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையிலிருந்து ஒரு பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசை எடுத்த 22 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள். எடுக்காத 27 பேரில் 15 பேர் இறந்திருந்தார்கள். இந்த எண்களை முதன்முதல் வாசித்தபோது என் கை குளிர்ந்துபோனது. இன்றைக்கும் அதே பிரெட்னிசொலோன்தான் முதல் மருந்து, அதோடு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின். இரண்டும் பழைய மருந்துகள், காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தவை. புற்றுநோய்க்குப் போடும் ஊசியைப் போல காணி விற்று வாங்க வேண்டியவை அல்ல. இவ்வளவு மலிவான மருந்துள்ள நோயில் ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையே வித்தியாசம் வரவே கூடாது. வருகிறது என்றால், குளிசைக்கு வெளியே எங்கேயோ அதன் காரணம் இருக்க வேண்டும்.

விடியுமுன் வரிசைக்குப் போவது

நான் மட்டக்களப்பு நகரத்தை ஒட்டிய கல்லடியில் இருக்கிறேன். கிளினிக் நாளில் ஆறரைக்கு எழுந்தாலும் நேரம் போதும். பாடசாலைக்கு விடுமுறை போட்டால் சம்பளம் வெட்டுப்படாது. வைத்தியசாலையில் செய்யாத பரிசோதனையை வெளியில் செய்துகொள்கிறேன்; ஐ.ஜி.ஜி. என்ற இரத்தப் புரதத்தின் அளவும், ஆரம்பத்தில் நோயைக் கண்டுபிடித்த பிறபொருளெதிரிப் பரிசோதனைகளும் தனியார் ஆய்வுகூடத்துக்குத்தான் போயின. வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால் அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி கொஞ்சம் கைகொடுக்கிறது. யோசித்துப் பாருங்கள், மாதச் சம்பளம் உள்ள எனக்குக் காப்புறுதி இருக்கிறது, நாட்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு இல்லை. இந்த முரணை நான் வருத்தம் வருமுன் ஒருபோதும் யோசித்ததில்லை.

அக்காவின் ஊர் மண்டூருக்கும் அப்பால், வயல் முடிந்து காடு தொடங்குகிற இடம். வரிசையில் நல்ல இலக்கம் கிடைக்க வேண்டுமானால் விடியுமுன் வந்து சேர வேண்டும். ஆனால் அந்த வீதியில் விடியுமுன் யாரும் இறங்க மாட்டார்கள், யானை நிற்கும். வெள்ளாவெளி, போரதீவுப் பக்கத்தில் யானை அடித்து இறந்தவர்களின் செய்தியை நாங்கள் பத்திரிகையில் வாசிக்கிறோம். அவர்கள் மரண வீட்டுக்குப் போய் வருகிறார்கள். ஆகவே அக்கா முதல் நாள் பின்னேரமே புறப்பட்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து, நகரத்தில் ஒரு மச்சாளின் வீட்டில் படுத்து எழுந்து வருவார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது? பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் பைக்கற்றாவது வேண்டும். கிளினிக் முடிந்து மருந்தெடுத்து வீடு போய்ச் சேரும்போது அடுத்த நாள் மாலை. இரண்டு நாள் கூலி போய்விடும். இரத்தம் எடுப்பது ஒரு நாள், அறிக்கையோடு வைத்தியரைப் பார்ப்பது இன்னொரு நாள் என்று வந்தால் அது நான்கு நாள். களை பிடுங்கும் காலத்தில் ஒரு பெண் நான்கு நாள் வராவிட்டால் அடுத்த முறை அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

இதற்கு மேல் நுண்கடன். கிழக்கில் இதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் குழுவாகக் கூடிக் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றப் பெண்கள் பொறுப்பு. அக்காவின் குழு கூடும் நாளும் கிளினிக் நாளும் ஒன்று. கிளினிக்குக்குப் போனால் அயல்வீட்டுப் பெண்ணிடம் காசைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். காசு இல்லாத வாரத்தில் நேரில் போய்த் தவணை கேட்க வேண்டும். நேரில் போகிற வாரங்களில் கிளினிக் தவறும். அவருடைய கொப்பியில் "வரவில்லை" என்று குறிக்கப்பட்ட திகதிகளுக்கு இதுதான் பொருள். கொப்பியில் அதற்கு இடம் இல்லை.

கண் மஞ்சளாகும் வரை

இந்த வருத்தத்தின் கொடுமை, அது வலிக்காது என்பது. ஈரல் பாதி எரிந்தாலும் சத்தம் போடாது. கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் மூட்டு நோவு. களை பிடுங்கிவிட்டு வருகிற பெண் களைப்பை ஒரு நோயின் அறிகுறியாக எப்படி எடுப்பாள்? நொதியம் ஏறுவது இரத்தத்தில் மட்டும்தான் தெரியும். அதனால் அடிக்கடி இரத்தம் பார்க்கக்கூடியவருக்கு நோய் சில வாரங்களில் பிடிபடும். பார்க்க முடியாதவர் கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஈரலில் தழும்பு விழுகிறது. ஒவ்வொரு மீளெழுச்சியும் தழும்பைக் கூட்டுகிறது.

ஆரம்பத்திலும் இப்படித்தான் நடந்தது. எனக்குக் கண் மஞ்சளானபோது சக ஆசிரியை ஒருவரின் கணவர் வைத்தியர். ஒரு தொலைபேசி அழைப்பில் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஈரலில் ஊசியால் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் தாமதமின்றி முடிந்தது. அக்காவுக்குச் செங்கமாரி என்றார்கள். கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் பத்தியம் வைத்தார்கள், ஒருவர் சீந்தில் கொடி அவித்துக் குடிக்கச் சொன்னார். மஞ்சள் கொஞ்சம் இறங்கியது; இந்த வருத்தத்தில் அது தானாகவும் ஏறி இறங்கும். ஆகவே மருந்து பிடித்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அது அவர் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இருந்தது, கடனுக்கும் கிடைத்தது. ஆனால் சீந்திலைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைக் குடித்தவர்களில் சிலருக்கு எங்கள் நோயைப் போன்ற ஈரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு தாமதத்தைப் பற்றி நாங்கள் வெளியில் பேசுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டது என்றால் சாராயம், கசிப்பு. ஆணுக்கு அப்படிச் சொன்னால் ஒரு பெருமூச்சோடு போய்விடும். பெண்ணுக்கு வந்தால் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்தான், ஆனால் ரீச்சர் என்ற பெயர் எனக்கு முன்னால் நின்று மறைத்தது. அக்கா தன் வருத்தத்தை ஊரில் "இரத்தம் குறைவு" என்றே சொல்லி வைத்திருந்தார்.

2022

அந்த வருடத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கிறது. நாட்டுக்குத் தேவையான மருந்துகளில் 80 வீதத்துக்கும் மேற்பட்டவை இறக்குமதி. டொலர் முடிந்தபோது எரிவாயுவோடும் பெற்றோலோடும் சேர்ந்து குளிசையும் முடிந்தது. கிளினிக் பாமசியில் பிரெட்னிசொலோன் ஒருவாறு கிடைத்தது, அசாதயோப்ரின் இல்லை. துண்டில் "வெளியில்" என்று எழுதித் தந்தார்கள். வெளியிலும் விலை மாதத்துக்கு மாதம் மாறியது, பல கடைகளில் இல்லவே இல்லை. எனக்கு இலண்டனில் இருக்கும் தம்பி அனுப்பினான். ஊருக்கு வந்த ஒருவரின் பையில், சேர்ட்டுகளுக்கு நடுவில், மாதக்கணக்குக்குப் போதுமான பெட்டிகள் வந்து சேர்ந்தன. என்னுடைய நொதியங்கள் அந்த வருடம் முழுவதும் அசையவில்லை. "நாட்டில் இவ்வளவு கஷ்டத்திலும் ரீச்சர் ஒழுங்காக இருக்கிறார்" என்று அப்போதும் பாராட்டினார்கள்.

சாய்ந்தமருதிலிருந்து வரும் ஒரு தாத்தாவை (அங்கே முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) அந்தக் காலத்தில்தான் பழக்கம் பிடித்தேன். அவருக்கு இருப்பது ஈரலின் பித்தக் குழாய்களைத் தாக்கும் இன்னொரு வகைத் தன்னெதிர்ப்பு நோய். உடல் முழுவதும் அரிப்பு, இரவில் நித்திரை இல்லை. அதற்கான ஊர்சோ மருந்து உடல் எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம்; அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் குளிசை மூன்று, வாழ்நாள் முழுவதும். எங்களுடையதைவிட விலை கூடியது. மகன் கட்டாரில் இருந்ததால் அவர் தப்பினார். மகன் வேலை இழந்து திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய பெரிய பயம்; நோயைப் பற்றி அவர் பயந்து நான் பார்க்கவில்லை. ஒரு கிளினிக் வாங்கில் எத்தனை பேருடைய ஈரல் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் விசாவில் தொங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கும்.

அக்கா அந்த நாட்களில் கிளினிக்குக்கு வரவில்லை. பிறகு வாட்டில் அனுமதித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கண் மஞ்சள், வயிற்றில் நீர். அவருடைய படுக்கைச் சீட்டில் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பார்க்கப் போனபோது வாசித்தேன். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் சுற்று வரும் ஒவ்வொருவரும் அதை வாசித்துவிட்டுத்தான் அவரோடு பேசத் தொடங்கினார்கள்.

கலண்டர்

அவர் வீடு திரும்பிய பிறகு, மண்டூர் முருகன் கோவில் திருவிழாக் காலத்தில், அவரைப் பார்க்கப் போனேன். சீதனமாகக் கிடைத்த கல்வீடு. பக்கத்து வளவில் மூத்த மகளுக்கென்று தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நின்றது. எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், அது எங்கள் பெருமை. அந்தப் பெருமைக்கு ஒரு விலையும் இருக்கிறது: மகள் பெரியவளானால் தாய் அடுத்த கூரைக்கு வழி பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் அந்த அத்திவாரத்தைத்தான் பார்க்கும்.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, குளிசைகளை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த நகைக்கடைக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பழைய மாதங்களும் கிழிக்கப்படாமல் இருந்தன. ஒவ்வொரு திகதியிலும் பென்சிலால் ஓர் அடையாளம். முழு வட்டம், அரை வட்டம், கோடு. முழு வட்டம் என்றால் வைத்தியர் சொன்ன அளவு முழுவதும். அரை வட்டம் என்றால் பாதி. கோடு என்றால் அன்று இல்லை. வயலில் வேலை உள்ள நாட்களில் முழு வட்டம், ஏனென்றால் குளிசை எடுத்தால்தான் உடம்பு எழும்பும். வீட்டில் இருக்கும் நாட்களில் அரை. வெள்ளிக்கிழமை விரத நாட்களில் கோடு, ஏனென்றால் வெறும் வயிற்றில் அந்தக் குளிசை எரியும். கையில் உள்ள குளிசைகளை எண்ணி, அடுத்த முறை மட்டக்களப்புக்குப் போகக் காசு சேரும் திகதியைக் கணித்து, இரண்டுக்கும் இடையில் விரத நாள் தவிர ஒரு நாளும் முற்றாக வெறுமையாகாதபடி பிரித்திருந்தார். "பாதிக் குளிசையாவது இருந்தால் ஈரல் முற்றாகக் கைவிடாதுதானே, ரீச்சர்?" என்று கேட்டார்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். அந்தக் கலண்டரில் இருந்த கணக்கில் கூட்டல் பிழை ஒன்றும் இல்லை. கொடுக்கப்பட்ட பொருள் குறைவு, கடக்க வேண்டிய நாட்கள் அதிகம், அதை ஓர் அறிவுள்ள மனிதர் எப்படிப் பங்கிடுவாரோ அப்படிப் பங்கிட்டிருந்தார். என்னுடைய ஒழுங்குக்கு இந்த மூளையில் பத்தில் ஒரு பங்கும் தேவைப்படவில்லை. மேசையில் பெட்டி இருக்கிறது, காலையில் எடுத்து விழுங்குகிறேன். கவனம் என்று ஒன்றை அளக்க முடியுமானால் அவர் என்னைவிடப் பல மடங்கு கவனமான நோயாளி. ஆனால் இந்த வருத்தம் அந்தக் கணக்கை மதிப்பதில்லை. பிரெட்னிசொலோனை நீண்ட காலம் எடுக்கிறவரின் உடல் தனக்கு வேண்டிய ஸ்டீரோயிட்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும்; திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளையே சாய்த்துவிடலாம். அளவு ஏறி இறங்கினால் அடங்கியிருந்த அழற்சி மீண்டும் கிளம்பும். வைத்தியர் சொல்லி, கட்டுப்பாட்டோடு மருந்தை நிறுத்தியவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. இதை ஒருவரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. "விடாமல் எடுங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். விட நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

பசியைப் பற்றியும் அன்றுதான் பேசினார். ஸ்டீரோயிட் எடுக்கிற எல்லோருக்கும் தெரியும் அந்தப் பசி, சாப்பிட்டுக் கை கழுவுமுன் மறுபடி வந்து நிற்கும். நான் அவித்த கடலை, பழம், மோர் என்று சமாளித்தேன். வைத்தியர் எனக்குச் சொன்னார், சீனி ஏறாமல், எலும்பு தேயாமல் இருக்கப் பாலும் மீனும் முட்டையும் சேருங்கள் என்று. அக்காவுக்கும் அதே தாளைத்தான் கொடுத்திருந்தார்கள். அளந்து உலை வைக்கும் வீட்டில் தாய்க்கு அந்தப் பசி வந்தால் அவள் என்ன செய்வாள்? "பிள்ளைகளின் சோற்றில் கண் போகிறது, ரீச்சர். அந்த வெட்கத்தில்தான் முதலில் பாதியாக்கினேன்." மருந்தைக் குறைத்ததற்குக் காசு மட்டுமே காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்தக் காரணத்தை எந்தக் கொப்பியில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இவ்வளவையும் ஏன் கிளினிக்கில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் பக்கத்துச் சனம் இருந்தது. கவலையீனமானவள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். இல்லாத வீடு என்று தெரிந்தால் நாளைக்கு என் பிள்ளைக்கு யார் வருவார்?"

திரும்பி வரும்போது பாதையில் நின்றுகொண்டு யோசித்தேன். ஒரு பெண் தன் வறுமையை மறைப்பதற்காகத் தன் மீது பொறுப்பில்லாதவள் என்ற பழியை விரும்பி ஏற்றுக்கொள்கிறாள். நாங்கள் அந்தப் பழியை உண்மை என்று எடுத்து, எழுதி, கையொப்பமிட்டு, அடுத்தடுத்த வைத்தியர்களுக்குக் கடத்துகிறோம். ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை என்ற நிலை ஒருநாள் வந்தால், அதைச் செய்யும் ராகமை வைத்தியசாலை வரை அந்த எழுத்து அவரோடு போகும். மருந்து ஒழுங்காக எடுக்காதவருக்குப் புது ஈரல் கொடுக்க வைத்தியர்கள் தயங்குவது இயல்பு. கொடுத்த ஈரலைக் காப்பதும் குளிசைகள்தான். அப்படியானால் அந்த ஒரு வரி ஓர் உயிரின் தீர்ப்பாகிவிடுகிறது.

ஒரு கடிதத்தின் பலன்

அக்காவின் சம்மதத்தோடு அடுத்த கிளினிக்கில், கூட்டம் குறைந்த பிறகு, வைத்தியரிடம் அந்தக் கலண்டரைக் காட்டினோம். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. அந்த நாட்களில் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்; எஞ்சியவர்களில் ஒருவர் அவர், பேசவே நேரமில்லாதவர். அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார், அக்காவின் ஊருக்கு அருகில் உள்ள பிரதேச வைத்தியசாலைக்கு: இந்த நோயாளிக்கு இந்த இரண்டு குளிசைகளையும் அங்கேயே கொடுக்கவும், இரத்தம் அங்கேயே எடுத்து அனுப்பவும், கண் மஞ்சளானாலோ வாந்தி வந்தாலோ தாமதிக்காமல் எனக்கு அனுப்பவும். அவ்வளவுதான். புதுக் கட்டடம் இல்லை, புது மருந்து இல்லை, ஒரு சதம் கூடுதல் செலவும் இல்லை. அதன் பிறகு அக்கா நகரத்துக்கு வருவது சில மாதங்களுக்கு ஒரு முறைதான். நொதியங்கள் மெல்ல இறங்கின. விழுந்த தழும்பு விழுந்ததுதான், அதை யாராலும் திருப்ப முடியவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அரைப் பக்கக் கடிதத்தில் தீரக்கூடிய ஒன்றுக்காக ஒரு பெண் வருடக்கணக்கில் ஈரலைக் கொடுத்திருக்கிறாள். படுவான்கரையிலும், பொத்துவில், திருக்கோவில் பக்கத்திலும் எத்தனை பேர் அந்தக் கடிதம் இல்லாமல் இருக்கிறார்கள்? கேட்கத் தெரிந்த ஒரு ரீச்சர் பக்கத்து வாங்கில் இருந்தால்தான் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் இலவச வைத்தியம் ஆகாது. நீண்டகால ஈரல் நோயாளி ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இப்படி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இரத்தம் எடுப்பதும் வைத்தியரைப் பார்ப்பதும் தூரத்தவர்களுக்கு ஒரே நாளில் அமைய வேண்டும். அரசின் அஸ்வெசும நிவாரணத் திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்கெனக் கொடுப்பனவு இருக்கிறது. அதே நியாயத்தை ஈரல் நோயாளருக்கும் கேட்க வேண்டும். களைத்துப்போன உடம்போடு கூலிக்குப் போக முடியாதவர்கள் இவர்கள், அதிலும் எங்கள் வருத்தம் உள்ளவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குளிசை கிடைத்ததா, வந்துபோக முடிகிறதா, வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளை, பிறர் காதில் விழாத இடத்தில் வைத்து, யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களில் எங்கள் வருத்தம் உள்ளவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஸ்டீரோயிட் குளிசை தீரப்போகிறது என்றால் பெரிய வைத்தியசாலைத் திகதி வரை காத்திருக்காதீர்கள். அருகில் இருக்கும் சின்ன வைத்தியசாலைக்குக் கொப்பியைக் கொண்டு போங்கள்; பிரெட்னிசொலோன் ஆஸ்துமாக்காரர்களுக்கும் கொடுக்கும் மருந்து, எங்கேயும் அரிதல்ல. நீங்களாகப் பாதியாக்காதீர்கள். காசில்லை என்று சொல்ல வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்து படுவான்கரை வீதிகள் நீரில் மூழ்கியபோது அக்காவை நினைத்துப் பயந்தேன். தொலைபேசி கிடைக்கச் சில நாட்கள் ஆயின. குளிசை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். இருக்கிறது என்றார். ஐப்பசியிலேயே வைத்தியரிடம் போய், மாரிக்கு எங்கள் பக்கம் வெள்ளம் வரும், வந்துபோகவும் காசில்லை, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டாராம். வரிசையில் எல்லோரும் நிற்கும்போதா என்று கேட்டேன். "வேறு எப்போது கேட்பது, ரீச்சர்? என் பின்னால் நின்ற இரண்டு பேரும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்."